கட்டில் அறையில் ஒரு மெக்கானிக்

இருபத்தாறு வருஷம் தறி பழுது பார்த்த மனிதருக்கு, ஒரு திங்கட்கிழமை காலையில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மேலங்கியைக் கொடுத்து, “போட்டுக்கய்யா” என்றார்கள். ஆயாக்களுக்காகத் தைத்த அங்கி அது. தோளில் இறுக்கிப் பிடித்தது. வயிற்றில் பட்டன் போடவே முடியவில்லை.

அந்தச் சட்டைக் கம்பெனியின் பின்பக்கம் இருந்த நெசவுக் கூடத்தை மூடிவிட்டார்கள். தறிகள் எடைக்குப் போயின. ஆட்களில் பாதிப் பேர் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள், பாதிப் பேர் துணி வெட்டும் பிரிவுக்கு மாறினார்கள். மிஞ்சியது மெக்கானிக் ஒருவர்தான். தறிச் சத்தம் அவருடைய இடது காதை முழுசாகத் தின்றிருந்தது. வலது காதில் கால்வாசி மிச்சம். கிட்டே வந்து முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வார். ஐம்பத்திரண்டு வயதில் கால்வாசிக் காதோடு ஒருத்தரை எந்தப் பிரிவு கேட்கும்?

மேனேஜர்தான் வழி கண்டுபிடித்தார். ஆட்கள் சுற்றி நிற்கும்போதே சொன்னார்.

“குழந்தைங்க காப்பகத்துல ஒரு ஆள் வேணுமாம். அங்க போ. உனக்குத்தான் காது கேக்காதே, அதுங்க கத்தினா உனக்கு என்னய்யா வந்துச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்குக் காது கேட்கவில்லையே தவிர, சிரிக்கிற வாய்கள் தெரிந்தன. வெட்கப்பட்டு இரண்டு நாளில் தானாக நின்றுவிடுவார் என்பது மேனேஜரின் எண்ணம். அவர் நிற்கவில்லை. வேறு போக்கிடம் இல்லை என்பதுதான் முதல் காரணம்.

கம்பெனியில் தைக்கிற பெண்களின் கைக்குழந்தைகளுக்கு என்று மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் பால் காய்ச்சுவார்கள், குழந்தைகளைத் துடைத்துத் துணி மாற்றுவார்கள். இன்னொன்று தூங்க வைக்கிற அறை. அதில் நாலு பக்கமும் கம்பி வைத்த பதினோரு சின்னக் கட்டில்கள். பொறுப்பில் இருந்தவர் ஒரு மேடம். குழந்தைகள் என்றால் அவருக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான். குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டால் அதிக நேரம் எழுந்திருக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பதினோரு கட்டிலிலும் பதினோரு முதுகு தெரியும்படி போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்துகொள்வார். உள்ளே சத்தம் இல்லை என்றால் எல்லாம் நலம்.

மெக்கானிக் வந்த மறுவாரம், கம்பெனி சட்டப்படி நடத்தியாக வேண்டிய ஒருநாள் பயிற்சிக்கு ஒரு நர்ஸ் வந்தார். மேடம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் காது கேட்க வேண்டுமே என்று முதல் நாற்காலியில், நர்ஸின் முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். புரியாததை மறுபடி கேட்டார், அதுவும் உரக்க. நர்ஸுக்கு முதலில் எரிச்சல். அப்புறம் இந்த ஆள் ஒருத்தர்தான் கேட்கிறார் என்று புரிந்தது.

“எப்பவும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். ஒவ்வொரு தடவையும். மெத்தை கெட்டியா, கட்டிலோட ஓரத்துல இடைவெளி விடாம இருக்கணும். கட்டிலுக்குள்ள குழந்தையைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.”

“தலைகாணி?”

“கூடாது.”

“பொம்மை?”

“கூடாது. மெத்துமெத்துனு இருக்கிற எதுவும் மூக்கை அடைச்சிரும். குழந்தைக்குத் தள்ளிவிடத் தெரியாது. அழவும் முடியாது. சத்தமே வராது.”

சத்தமே வராது என்ற வார்த்தை மெக்கானிக்கின் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தம் வராத உலகத்தில்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். தறி ஓடுகிறதா என்பதை அவர் எத்தனையோ வருஷமாகக் காதால் அறிந்ததில்லை. கையை வைத்துப் பார்ப்பார், கண்ணால் பார்ப்பார். இனி அதையே இங்கேயும் செய்தால் போகிறது.

அன்று சாயந்திரமே பதினோரு கட்டிலையும் பிரித்துப் பூட்டினார். இரண்டு கட்டிலில் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அங்கே கூடுதல் கம்பி வைத்தார். ஆடிய பக்கச் சட்டங்களுக்குப் புதுத் திருகாணி. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே தன் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தையை வெளியே தள்ளினார். மறுநாள் காலையிலிருந்து மேடம் குப்புறப் போட்டுவிட்டுப் போன குழந்தைகளை ஒவ்வொன்றாக மல்லாக்கத் திருப்பினார். சில விழித்து அழுதன.

“என்ன மெக்கானிக், தூங்குறதைக் கிளறிவிட்டு வேடிக்கை பாக்குறீங்களா?” என்றார் மேடம்.

“நர்ஸம்மா சொன்னாங்க மேடம்.”

“நர்ஸம்மாவா இங்க வந்து உக்காந்து அழுகையைக் கேக்கப் போறாங்க?”

ஆனால் தடுக்கவும் இல்லை. அழுகையைச் சமாளிக்க இந்த ஆள் உள்ளேயே கிடக்கிறான், தொந்தரவு தனக்கில்லை என்றதும் மேடத்துக்கு அதுவே வசதியாகிவிட்டது. மெக்கானிக் காலையிலிருந்து மாலைவரை கட்டில்களுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று, சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போவார். சந்தேகமாக இருந்தால் மூக்கருகே புறங்கையை நீட்டுவார்.

கம்பெனி அவருக்குப் புதுப்பெயர் வைத்தது. ஆயா. “ஆயா, பால் குடிச்சாச்சா?” என்று டீ நேரத்தில் கேட்பார்கள். வெட்டும் பிரிவில் அவருடைய மகனே வேலை பார்த்தான். இருபத்து நாலு வயது. முதலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு மாதம் கழித்து, நாலு பேர் கூடியிருந்த இடத்தில், “அதோ ஆயா வருது, வழி விடுங்கடா” என்று அவனே சொன்னான். மெக்கானிக் அவன் உதட்டைப் பார்த்துவிட்டார். அன்று இரவு வீட்டில் ஒரே தட்டுக்கழுவும் தொட்டியில் இரண்டு பேரும் தட்டைக் கழுவினார்கள்.

இப்படி ஒரு வருஷம் போனபிறகுதான் சைரன் வந்தது.

ஐந்து மாதப் பெண் குழந்தை. அழ ஆரம்பித்தால் மேல்மாடித் தையல் கூடம்வரை கேட்குமாம், அதனால் அந்தப் பெயர். அதன் அம்மா காலர் தைக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டில் வேறு ஆள் இல்லை. பிறந்த நாளிலிருந்து அவள் நெஞ்சின் மேலேயே தூங்கிப் பழகிய குழந்தை. கட்டிலில் முதுகு பட்டதும் தேள் கொட்டியதுபோல் வீறிடும். முதல் மூன்று நாளும் காலர்காரியைத் தைக்கிற இடத்திலிருந்து கீழே கூப்பிட்டார்கள், ஒரு நாளைக்கு ஐந்து முறை. ஒரு காலர் நின்றால் அந்த வரிசையே நிற்கும். வரிசையில் இருந்த பெண்கள், அவர்களும் பெற்றவர்கள்தான், அவள் எழுந்து போகும்போதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். “பெத்தா போதுமா, வளக்கத் தெரிய வேணாம்?” என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

நாலாம் நாள் மேனேஜர் காப்பக வாசலுக்கே வந்துவிட்டார்.

“இங்க பாரும்மா, பத்து நாள் தரேன். அதுக்குள்ள உன் பிள்ளை சத்தமில்லாமக் கட்டில்ல தூங்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்லயே தூங்குங்க.”

காலர்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மேடம், “சளி மருந்து ரெண்டு சொட்டு குடுத்தா தானா தூங்கிரும். நான் வேணும்னா குடுக்குறேன்” என்றார். காலர்காரியின் கண் அந்தப் பக்கம் போனது. தூக்கம் இல்லாதவளுக்கு எந்த வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும்.

மெக்கானிக் குறுக்கே வந்தார். “மருந்து வேணாம்மா. மருந்துல தூங்குற பிள்ளை, மூச்சு முட்டினாலும் முழிக்காது. பத்து நாள் இருக்குல்ல, நான் பாத்துக்கிறேன்.”

“உங்களுக்குத் தெரியுமா அண்ணே?”

“தறியைத் தெரியும். பிள்ளையை இனிமேதான் தெரிஞ்சுக்கணும்.”

முதல் நாள் அவர் குழந்தையைத் தூங்க வைக்கவே முயலவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வருவதற்கு முன் சைரன் என்ன செய்கிறது? வலது காதைப் பிடித்து இழுக்கிறது. சுவரை வெறித்துப் பார்க்கிறது. அதற்கப்புறம் கால் மணி நேரம் கழித்துத்தான் அழுகை. அதுவரை யாரும் தூக்கவில்லை என்றால் அழுதே களைத்துப்போகிறது, களைப்பில் இன்னும் அழுகிறது. ஆக, பிடிக்க வேண்டியது அழுகையை அல்ல, காதைப் பிடிக்கிற அந்த நொடியை.

இரண்டாம் நாளிலிருந்து, காதில் கை போனதும் எடுத்துக்கொள்வார். வயிறு நிறைந்திருக்கிறதா, ஏப்பம் வந்ததா, துணி ஈரமா என்று பார்ப்பார். பாதி ஜன்னலைச் சாத்துவார். தோளில் போட்டு, கண் சொக்கும்வரை நடப்பார். முழுசாகத் தூங்கவிட மாட்டார். பாதி விழிப்பிலேயே கட்டிலில் இறக்குவார். தூங்கியபின் இறக்கினால், விழிக்கும்போது தோளைக் காணோமே என்று பயந்துவிடுமாம். தன் தூக்கத்துக்குள் தானே போய்ப் பழக வேண்டும். முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியாகத் தலை. நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு விரலாக எடுப்பார்.

மூன்றாவது விரலில் சைரன் ஊதும்.

கொஞ்சம் பொறுப்பார். நிற்கவில்லை என்றால் மறுபடி கையை வைப்பார். அதற்கும் நிற்கவில்லை என்றால் தூக்குவார். அடங்கியதும் மறுபடி இறக்குவார். அன்று முப்பத்தேழு முறை. மறுநாளும் ஏறக்குறைய அவ்வளவு.

அவருக்குக் காது கேட்காது, அழுகை உறைக்காது என்று நினைத்தவர்களுக்கு ஒன்று தெரியாது. சத்தம் இல்லாத அழுகையைப் பார்ப்பது இன்னும் கொடுமை. சிவந்து கறுக்கிற முகம், நடுங்குகிற நாக்கு, துருத்துகிற அடிவயிறு. ஐந்தாம் நாள் மதியம் அவருக்கு, இந்தப் பிள்ளையைப் பிடித்து ஒரே உலுக்கு உலுக்கினால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றியதும், குழந்தையைக் காலிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டார். பக்கச் சட்டத்தை ஏற்றினார். பால் காய்ச்சுகிற ஆயாவிடம், “ரெண்டு நிமிஷம் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மேடம் பார்த்துச் சிரித்தார். “என்ன ஆயா, பிரசவ வலியா?”

வழி தானாக வந்தது, ஆறாம் நாள். கட்டிலின் மேல்சட்டத்தில் தாடையை ஊன்றிக்கொண்டு, சலித்துப்போய், தொண்டைக்குள்ளேயே ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்றும் இல்லை. அவருக்கே கேட்காத சத்தம். தாடையிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து மெத்தைக்கும் அது நடுக்கமாக இறங்கியது. சைரன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் நிறுத்தினார், அது ஊதியது. தொடங்கினார், நின்றது. அதன் அம்மா ஒன்பதாம் மாதம்வரை தையல் மிஷினில் உட்கார்ந்தவள் அல்லவா? வயிற்றுக்குள் இருந்தபோது அந்தக் குழந்தைக்குத் தெரிந்த உலகமே மிஷினின் நடுக்கம்தான்.

ஒன்பதாம் நாள் சைரன் கட்டிலில் மல்லாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒண்ணேகால் மணி நேரம் தூங்கியது. மதியம் ஓடிவந்த காலர்காரி கட்டிலைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன அண்ணே பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா. அதுக்குத் தூக்கம் வந்துச்சு, தூங்குது.”

பின்னொரு நாள் அவள் அவருடைய வலது பக்கமாக வந்து நின்று சொன்னாள். “இவ பொறந்த பிறகு, நேத்துதான் அண்ணே நான் முழுசா ஒரு நாள் உக்காந்து தைச்சேன்.” மெக்கானிக்கின் வாழ்க்கையில் அவருடைய வேலையைப் பற்றி ஒருத்தர் நேரில் வந்து சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெளியிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். காப்பகத்துக்கு மட்டும் பெரிய அட்டைப் பெட்டிகள் வந்தன. கட்டிலைச் சுற்றிக் கட்டுகிற மெத்துமெத்து அணைகள், பூப்போட்ட தலையணைகள், கனத்த போர்வைகள், கரடி பொம்மைகள். மேடம் தானே முன்னின்று பதினோரு கட்டிலையும் அலங்கரித்தார். பார்க்கக் கடை ஜன்னல் மாதிரி இருந்தது. வந்தவர்கள் உச்சி குளிர்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் வண்டி வாசலைத் தாண்டியதும் மெக்கானிக் எல்லாவற்றையும் அவிழ்த்து அலமாரியில் அடுக்கினார்.

மறுநாள் காலை அவை மறுபடி கட்டிலில் இருந்தன. மறுபடி எடுத்தார். மூன்றாம் நாள் மேடம் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“அடுத்த வாரமும் ஆளுங்க வருவாங்க. தினமும் கட்டி அவுக்க எனக்கு வேற வேலை இல்லையா?”

“மேடம், பிள்ளைங்க உருள ஆரம்பிச்சிருச்சுங்க. இதுல மூஞ்சி அமுங்கினா...”

“வீட்ல எல்லாரும் தலைகாணி வச்சுத்தான் வளக்குறாங்க. எல்லாம் செத்தா போச்சு?”

மெக்கானிக் அணைகளை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். மேடம் நேராக மேனேஜரிடம் போனார். காது கேட்காத ஆம்பளையைக் குழந்தைகள் அறையில் வைத்திருப்பதை வெளியாட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மேடம் கேட்ட கேள்வி மேனேஜருக்குப் பிடித்திருந்தது. காது கேட்காது என்பதற்காகவே அனுப்பப்பட்டவர், காது கேட்காது என்பதற்காகவே வெளியேற்றப்பட்டார். கழிவுத் துணி மூட்டை கட்டுகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கியைக் கழற்றிக் கொடுக்கும்போது அவர் மேடத்திடம் ஒன்றுதான் கேட்டார்.

“நடுநடுவில உள்ள போய் நெஞ்சைப் பாருங்க மேடம். சத்தம் வரலேன்னு உக்காந்துராதீங்க.”

“எனக்குக் காது நல்லாவே கேக்கும்” என்றார் மேடம்.

பதினாறு நாள் கழித்து அது நடந்தது.

காலை பத்து மணிக்குச் சைரனைக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். ஏழு மாதக் குழந்தை, நன்றாக உருளும். பழகிய குழந்தை என்பதால் அழாமல் தூங்கிவிட்டது. பன்னிரண்டரைக்குப் பால் கொடுக்க அம்மா இறங்கி வந்தாள். மேடம் வாசலிலேயே மறித்தார்.

“தூங்குது, எழுப்பாதே. காலையிலருந்து ஒரு சத்தம் இல்ல. தங்கமான பிள்ளையா மாறிருச்சு உன் சைரன்.”

காலர்காரி சிரித்துக்கொண்டே மாடி ஏறிப்போய், விட்ட காலரை எடுத்துத் தைத்தாள்.

இரண்டு மணிக்குப் பால் காய்ச்சுகிற ஆயா உள்ளே போனாள். குழந்தை கட்டில் ஓரத்தில், அணைக்கும் தலையணைக்கும் நடுவே முகம் புதைந்து கிடந்தது. போர்வை தலைக்கு மேல் ஏறியிருந்தது.

மெக்கானிக் கொட்டகையில் மூட்டைக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்து எட்டிப் பார்த்தார். படிக்கட்டின் அடியில் காலர்காரி நின்றிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. அவருக்கு ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு நொடி, அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, “என்னம்மா?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார். அப்புறம்தான் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடப் பார்த்தது கம்பெனி. முடியவில்லை. விசாரணை என்று எழுதிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். அன்று மாலைக்குள் அலமாரியும் கட்டில்களும் காலி. அட்டைப் பெட்டிகள் வந்த சுவடே இல்லை. யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்ற நிலையில், மூன்றாம் நாள் மெக்கானிக்கின் மகன் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான்.

“அப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போடணுமாம்.”

மெக்கானிக் படித்தார். இரண்டு விஷயம் எழுதியிருந்தது. ஒன்று, குழந்தையை மல்லாக்கவே படுக்க வைத்துத் தான் பழக்கியதால், அதற்குக் குப்புறப் படுத்து மூச்சு விடத் தெரியாமல் போயிற்று. இரண்டு, தலையணையையும் போர்வையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் தாய், அதைத் தான் கண்ணால் பார்த்தது உண்மை.

“பொய்டா இது.”

“எனக்குத் தெரியும்ப்பா. போடலேன்னா ரெண்டு பேருக்கும் நாளைலருந்து வேலை இல்ல. போட்டா என்னை வரிசை மேஸ்திரி ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க.”

அவன் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்த அவன் அம்மாவுக்கும் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

மெக்கானிக் காகிதத்தை மறுபடி படித்தார். பெற்ற பிள்ளையைத் தானே கொன்றவள் என்று ஒரு காகிதம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறது. அது ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதை அடித்துவிட்டால் முதலாவதற்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மகன் வெளியே போய் மேனேஜரிடம் கைப்பேசியில் பேசிவிட்டு வந்தான். “சரின்னுட்டாங்க. யார் தலையில போனாலும் அவங்களுக்கு ஒண்ணுதானாம்.” மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தார்.

மறுநாள் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மகனை நிறுத்தவில்லை.

அதற்கடுத்த நாள் காலர்காரி வந்தாள். மெக்கானிக் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தெருவில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள். அவருடைய இடது பக்கம். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைப்பதைப் பார்த்துத்தான் திரும்பினார். அவளைக் கண்டதும் துணியைக் கீழே போட்டுவிட்டு, கிட்டே போய், வலது காதை அவள் வாய்ப்பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

“நீ எழுதிக் குடுத்திருக்கே. உன் கையெழுத்தை எனக்குக் காட்டினாங்க. என் பிள்ளையை நீ மல்லாக்கப் போட்டுக் கொன்னுட்டே. அது பாட்டுக்கு என் நெஞ்சு மேல தூங்கிட்டு இருந்துச்சு. அழுதுட்டே இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்கடா! கீழ வந்து தூக்கியிருப்பேன். சத்தம் போடாம இருக்கப் பழக்கிட்டியேடா பாவி, சத்தம் போடாமயே போயிருச்சு!”

காகிதத்தில் இருந்தது பொய். ஆனால் அவள் கடைசியாகச் சொன்னது பொய் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவள் அவருடைய தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். காதை எடுக்காமல் நின்றார். அடித்து ஓய்ந்து, அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றிருந்தார்.

உள்ளே போனதும் மனைவி கேட்டாள். “உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? கல்லு மாதிரி நின்னீங்களே?”

“சொன்னா என்ன ஆகும்? மேனேஜரைத் திட்ட அவளால முடியுமா? மேடத்தை அடிக்க முடியுமா? கிட்டப் போகவே விட மாட்டாங்க. நான்தான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கேன்.”

“நல்லா இருக்கு நியாயம்” என்றாள் மனைவி. அவள் அழுதது அவருக்குக் கேட்கவில்லை. முதுகு குலுங்குவதைப் பார்த்தார்.

தான் செய்ததன் முழு அர்த்தம் அவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் எட்டியது, அதுவும் மகன் வாயால். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தையல் கூடத்தில் எல்லாத் தாய்மாருக்கும் படித்துக் காட்டினார்களாம். இனிமேல் காப்பகத்தில் எந்தக் குழந்தையையும் மல்லாக்கப் படுக்க வைக்க மாட்டோம், குப்புறத்தான் போடுவோம் என்று மேடம் உறுதி சொன்னாராம். தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

மெக்கானிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று, பத்துக் குழந்தைகளின் மூக்கை மெத்தையில் அழுத்த அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வாசலுக்கு எதிரே போய் நின்றார். கைக்குழந்தையோடு வருகிற ஒவ்வொருத்தியிடமும் போனார். “நான் கையெழுத்துப் போட்டது பொய்ம்மா. மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். தலைகாணி வேணாம். கட்டில் காலியா இருக்கணும். மேடம்கிட்ட கேளுங்க, கதவைத் திறந்து பாக்கணும்னு கேளுங்க.” தன் சத்தம் தனக்குத் தெரியாததால் கத்தினார். பெண்கள் குழந்தைகளை முந்தானையால் மூடிக்கொண்டு விலகி நடந்தார்கள். ஒருத்தி துப்பினாள். “செய்றதையும் செஞ்சுட்டு, கிறுக்கு வேற பிடிச்சிருச்சு” என்றார்கள். வரிசை மேஸ்திரி ஆகியிருந்த மகன் எட்டு மணிக்கு வந்தான். தெருவின் அந்தப் பக்க ஓரமாகவே நடந்து உள்ளே போனான். மூன்றாம் நாள் காவல்காரர், ஒரு காலத்தில் அவரோடு ஒரே பீடியைப் பங்கிட்டவர், தோளைப் பிடித்துத் தள்ளினார். மெக்கானிக் கல்லில் விழுந்து முழங்கை கிழிந்தது. நாலாம் நாள் துணி சுற்றிய கையோடு வந்து நின்றார்.

நாற்பது நாளுக்கு மேல் நின்றார். அதற்கப்புறம் பேருந்து பணிமனையில் வண்டி கழுவும் வேலை கிடைத்தது. காலை வேலை, வாசலுக்குப் போக முடியவில்லை. காலர்காரி வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மேடம் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். மகன் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நாற்பது நாளில் ஒரே ஒருத்திதான் நின்று கேட்டாள். பட்டன் தைக்கிறவள், நாலு மாதக் குழந்தை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே, “ஏன் தலைகாணி வேணாங்குறீங்க?” என்றாள். அவர் சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள், சொன்னார். மணி அடித்தது போலிருக்கிறது, அவள் ஓடினாள். அவள் அதைச் செய்தாளா, செய்ய விட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது.